சிம்லா பாஸில் ஒரு பெயர்

அத்தியாயம் 9

மழைக்காலத்தில் பம்பாய்க்குப் பக்கத்து மலையூரான கண்டாலா வரைக்கும் போய்விட்டு வரலாம் என்று யாராவது கூப்பிட்டால்கூட, "சளி பிடிக்கும்" என்று சொல்லிக் கழன்றுகொள்கிற மனுஷர் அனந்தகிருஷ்ணன். அப்படிப்பட்டவர் போன ஞாயிற்றுக்கிழமை மோர் சாதத்தைப் பிசைந்தபடி, "இந்த வருஷத்துப் பாஸை பாலக்காட்டுக்கு எழுதப் போறதில்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு சிம்லா போறோம். பனி பார்த்துட்டு வரலாம்" என்றதும் வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரயில்வே குமாஸ்தாவுக்குக் கிடைக்கிற இலவசப் பாஸ் அது. கல்யாணமான இந்தப் பதினாறு வருஷத்தில் பாலக்காட்டைத் தவிர அது வேறு ஊரைக் கண்டதில்லை. அவர் மனைவி வாலாம்பாளுக்கு முதலில் சந்தேகம் வந்தது; பிறகு சந்தோஷம் வந்தது; மறுநாள் காலையில் கம்பளிக்கு எங்கே போவது என்ற கவலை வந்தது. பெண் கோமதி பள்ளிக்கூட அட்லஸை விரித்து, பம்பாய்க்கும் சிம்லாவுக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று அளந்து, மாதுங்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஷ்யாமளா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அனந்தகிருஷ்ணனின் தங்கை அவள். முப்பத்து மூன்று வயது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கணவன் சுந்தரராமன் செம்பூர் வீட்டிலிருந்து டிபன் டப்பாவோடு ஆபீசுக்குக் கிளம்பினான். திரும்பி வரவில்லை. பதினைந்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. இரண்டே வரி: 'நான் சௌக்கியம். என்னைத் தேட வேண்டாம்.' முத்திரை கலைந்திருந்ததால் எந்த ஊர்த் தபால் என்றுகூடத் தெரியவில்லை. அன்று முதல் அண்ணா வீடுதான். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுத்துக்கொண்டு, அவள் தன் பாட்டுக்கு இருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அவளும் வாலாம்பாளும் சயான் கோலிவாடாவுக்குப் போனார்கள். பஞ்சாபிலிருந்து பிரிவினையின்போது வந்தவர்களைக் குடிவைத்த பழைய ராணுவக் கொட்டகைகள் அங்கே வரிசையாக இருந்தன. குர்பச்சன் கௌர் என்ற அம்மாளுக்கு ஷ்யாமளா சல்வார் தைத்துக் கொடுப்பது வழக்கம். சிம்லா என்று காதில் விழுந்ததுமே அந்த அம்மாள், "கடையில ஒண்ணும் வாங்காதே, என் பெட்டி எதுக்கு இருக்கு?" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்புப் பெட்டியை இழுத்துத் திறந்தபோது அறை முழுக்க அந்துருண்டை வாசனை அடித்தது. கோட்டு, சால்வை, காதை மூடுகிற குல்லாய், முழங்கால் வரை வரும் காலுறை எல்லாம் கட்டில்மேல் வந்து குவிந்தன.

"ஒரு காலுறை போதாது, ரெண்டு போடணும். நடக்கும்போது பாதத்தை முழுசா வெச்சு நடக்கணும். எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்குக் கோட்டுக்குள்ள பழைய செய்தித்தாளை மடிச்சு வெச்சு அனுப்புவோம்" என்று குர்பச்சன் கௌர் ஹிந்தியில் சொல்லிக்கொண்டே போனாள். வாலாம்பாளுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை ஷ்யாமளா தமிழில் சொன்னாள்.

"பேப்பரா? இவர் ஹிண்டு பேப்பரை ஒரு நாள் விடாமக் கட்டி வெச்சிருக்கார். இப்பவாவது பிரயோஜனப்படட்டும்" என்றாள் வாலாம்பாள்.

குர்பச்சன் கௌர் பழுப்பு நிறக் கோட்டு ஒன்றை எடுத்து ஷ்யாமளாவின் தோளில் வைத்துப் பார்த்தாள். கைநீளம் கச்சிதமாக இருந்தது.

"இது உனக்கு."

வாலாம்பாள் சட்டென்று குறுக்கே வந்தாள். "உனக்கு இப்போ வேண்டாம்னு சொல்லு ஷ்யாமா. நீ வரது இன்னும் நிச்சயமாகலை."

ஷ்யாமளா மன்னியைத் திரும்பிப் பார்த்தாள். வாலாம்பாள் அவசரமாகக் குல்லாய்களை மடிக்கத் தொடங்கியிருந்தாள்.

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் வாலாம்பாள் ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். மன்னி தன்னை ஒதுக்குகிறவள் இல்லை என்று ஷ்யாமளாவுக்குத் தெரியும். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் சாப்பிடாமல் இந்த மன்னி தட்டில் கை வைத்ததில்லை. அப்படியானால் வேறு என்னவோ இருக்கிறது. கேட்கலாமா என்று நினைத்தாள். மன்னியின் முகத்தைப் பார்த்தபின் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். இரண்டு மணிக்கு அனந்தகிருஷ்ணன் வந்தார். சாப்பிட்டார். வழக்கம்போல் படுக்கவில்லை. ஜன்னலோரத்து மேஜையில் உட்கார்ந்து பைக்குள்ளிருந்து பாஸ் விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் அது தலைமைக் குமாஸ்தாவின் மேஜைக்குப் போயாக வேண்டும். கோமதி பக்கத்து வீட்டில் கம்பளிக் குல்லாயைப் போட்டுக் காட்டப் போயிருந்தாள்.

ஷ்யாமளா காப்பியைக் கொண்டுபோனாள். டம்ளரை வைக்கக் குனிந்தபோது விண்ணப்பம் கண்ணில் பட்டது.

அண்ணாவின் பெயர்; வாலாம்பாள், மனைவி; கோமதி, மகள் என்று மூன்று வரியும் மசியில் இருந்தன. நாலாவது வரி பென்சிலில் இருந்தது. ஷ்யாமளா, தங்கை. அதற்குப் பக்கத்தில், இன்னும் மெலிதாக, ஆங்கிலத்தில் ஒரு சொல். விதவை.

அவள் டம்ளரைச் சிந்தாமல் வைத்தாள்.

"அண்ணா, இதுக்குப் பக்கத்துல தேதி கேக்க மாட்டாளா?"

"எந்தத் தேதி?"

"அவர் போன தேதி."

அனந்தகிருஷ்ணன் உள்ளங்கையால் அந்த வரியை மூடினார். மூடிய பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், கையை எடுத்துவிட்டார்.

"ரூல் அப்படி இருக்குடி. தங்கைன்னா ரெண்டே ரகந்தான். கல்யாணம் ஆகாதவ, இல்லாட்டா..." அவர் முடிக்கவில்லை. "உன்னை மாதிரி இருக்கறவாளுக்கு அதுல இடமே இல்லை. அதனாலதான் பென்சில்ல எழுதி வெச்சுப் பாத்தேன்."

"பாத்தா எப்படி இருக்கு?"

அவர் பென்சிலை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

ஷ்யாமளாவுக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் அது அண்ணாமேல் போய் நிற்கவில்லை. பதினோரு வருஷமாகக் கோயிலில், கல்யாண வீட்டில், ரேஷன் கார்டு ஆபீசில் என்று எத்தனையோ பேர் அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துவிட்டு, "ஆத்துக்காரர் எங்கே இருக்கார்?" என்று கேட்டிருக்கிறார்கள். "வடக்கே" என்று சொல்லிப் பழகிவிட்டாள். அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. இது அப்படியில்லை. இதில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார்கள்.

"நாளைக்கு யாராவது கிளறினா உன் வேலைக்கே உலை வெச்சுடுவா. என் பேரை எழுதாதே. நான் ஆத்துல இருக்கேன். போன வருஷம் பாலக்காட்டுக்கு நீங்கள் மூணு பேர் மட்டுந்தானே போனேள்?"

"நீ வரலைன்னா இந்தப் பிரயாணமே வேண்டாம்!"

வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசுகிற வழக்கம் இல்லை. சொன்னவரே ஒரு கணம் திகைத்துப்போனார்.

ஷ்யாமளா மேஜையோரத்து முக்காலியில் உட்கார்ந்தாள். "ஏன் அண்ணா? பனி பார்க்கணும்னு நான் எப்போ கேட்டேன்? உனக்குத்தான் எப்போ ஆசை வந்தது? டார்ஜிலிங் இருக்கு, காஷ்மீர் இருக்கு. சிம்லாதான்னு யார் சொன்னா?"

சமையலறை வாசலில் வாலாம்பாள் வந்து நின்றிருந்தாள். கையில் பாதி துடைத்த வாணலி.

"சொல்லிடுங்கோ. ஒரு வாரமா என் தொண்டைக்குள்ள நிக்கறது. இனிமே என்னால மறைச்சுண்டு இருக்க முடியாது" என்றாள் அவள்.

அனந்தகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

அவர் ஆபீசில் பார்சல் பிரிவில் தளவாய் என்று ஒருவர். திருநெல்வேலிக்காரர், தாராவியில் வீடு. போன மே மாதம் அவர் தன் பாஸில் குடும்பத்தோடு சிம்லா போனார். கீழ்க் கடைவீதியில் ஒரு சின்ன ஓட்டலில் தங்கினார்கள். அங்கே மேனேஜராக இருந்தவர் இவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தமிழில் பேசினாராம். பம்பாயிலிருந்து வருகிறோம் என்றதும் அவருக்கு முகமே மாறிவிட்டதாம்.

"அதுக்கப்புறம் தளவாய் அதை மறந்தே போயிட்டார். தீபாவளிக்கு நம்மாத்துக்கு வந்தாரே, அப்போ கூடத்துல மாட்டியிருக்கற உன் கல்யாணப் போட்டோவைப் பாத்துட்டார். ஆபீசுக்கு வந்து என்னைத் தனியா அழைச்சுண்டு போய், 'சார், அந்தப் போட்டோவுல மாப்பிள்ளையா நிக்காருல்லா, அவரை நான் சிம்லாவுல பாத்தேன் சார். முடி நரைச்சிருக்கு. ஆனா அதே முகந்தான்'னு சொன்னார்."

ஷ்யாமளா முக்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்த மாதிரி முகம் யாருக்கு வேணா இருக்கும்னு நான் சொன்னேன். அப்போதான் இன்னொண்ணு சொன்னார். அந்த மேனேஜர், 'செம்பூர்ல வாட்ச் ரிப்பேர் கடைக்கு எதிர்த்தாப்பல ஒரு பஸ் ஸ்டாப் உண்டே, அது இன்னும் இருக்கா?'ன்னு கேட்டாராம்."

அந்த பஸ் ஸ்டாப்பை அவர்கள் குடியிருந்த வீட்டுப் பால்கனியிலிருந்து பார்க்கலாம். தினமும் காலையில் அவன் பஸ் ஏறும்வரை அவள் அங்கே நின்றிருப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமையும் நின்றாள். அன்றைக்கு அவன் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான். மற்ற நாளில் ஆட்டுகிறவன் இல்லை.

வாலாம்பாள் வாணலியைக் கீழே வைத்துவிட்டு வந்து ஷ்யாமளாவின் முதுகில் கை வைத்தாள்.

"பேர் என்னன்னு சொன்னாராம்?"

"எஸ். ராமன். வேற ஒண்ணும் விசாரிக்கலை. தங்கினதுக்கு அவர் கையாலேயே பில் எழுதிக் குடுத்தாராம். தளவாய் சம்சாரம் எதையும் தூக்கிப் போடமாட்டா. தேடி எடுத்துத் திங்கட்கிழமை கொண்டு வரேன்னு சொல்லியிருக்கார். எழுத்தைப் பாத்தா உனக்குத் தெரிஞ்சுடும். ஆனா அதுக்குள்ள ஃபாரம் குடுத்தாகணும். டிசம்பர் முடிஞ்சா இந்த வருஷத்துப் பாஸ் காலாவதி. உங்கிட்ட முன்னாடியே சொல்லி, அப்புறம் அவர் இல்லைன்னு ஆயிட்டா, நீ மறுபடியும் ஒடிஞ்சு போவியேன்னு..."

"அதனால பனி பார்க்கப் போறோம்னு சொன்னே."

"ஆமாம்."

ஷ்யாமளா விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தப் பென்சில் சொல்லை மறுபடியும் படித்தாள். அவள் உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"புருஷனைப் பார்க்கறதுக்கு என்னை விதவைன்னு எழுதியா கூட்டிண்டு போகப் போறே அண்ணா?"

அனந்தகிருஷ்ணனின் கண் கலங்கிவிட்டது. அப்பா போன அன்றுகூட வாசலில் பந்தல் கட்ட ஆள் பிடிக்க ஓடியவர், அழ நேரமில்லாமல் இருந்தவர். இப்போது கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நான் வேண்டாம்னு தலையால அடிச்சுண்டேன். இந்த வார்த்தையை எழுதி உன்னைக் கூட்டிண்டு போறதானா, எனக்கு சிம்லாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு சொன்னேன். காலம்பற கோட்டு வேண்டாம்னு நான் ஏன் சொன்னேன்னு இப்போ புரியறதோன்னோ? பாஸ்ல உன் பேர் வரப்போறதா, வந்தா எப்படி வரப்போறதுன்னு எனக்கே தெரியலை" என்றாள் வாலாம்பாள். அவள்தான் அழுதாள்.

"எனக்குத் தெரியும் மன்னி. அழாதீங்கோ."

ஷ்யாமளா மேஜையிலிருந்த ரப்பரை எடுத்தாள். முதலில் அந்தச் சொல்லை அழித்தாள். பிறகு 'தங்கை'யை. கடைசியில் தன் பெயரையும் அழித்தாள். தூளை ஊதிவிட்டு விண்ணப்பத்தை அண்ணாவிடம் தள்ளினாள்.

"மூணு பேருக்குப் பாஸ் வாங்கு. எந்த வண்டி, என்னிக்குன்னு சொல்லு. என் டிக்கெட்டை நான் வாங்கிக்கறேன். தைச்சு சேர்த்து வெச்சிருக்கேன், போறும்."

"திங்கட்கிழமை அந்த பில் வரட்டும். அது அவர் எழுத்துதானான்னு தெரிஞ்ச அப்புறம்..."

"யார் எழுத்தா இருந்தாலும் நான் வரேன் அண்ணா. அவர் இல்லைன்னா பனியாவது பார்க்கலாமே. இத்தனை வருஷத்துல நானும் எங்கே போயிருக்கேன்?"

வண்டியையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொடுத்துவிட்டு, டிக்கெட் எடுக்கத் தானும் வருகிறேன் என்றார் அனந்தகிருஷ்ணன். வேண்டாம் என்றாள். புடவையை மாற்றிக்கொண்டு, முகம் கழுவிக் குங்குமம் இட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மாதுங்காவிலிருந்து வி.டி. என்கிற விக்டோரியா டெர்மினஸ் வரைக்கும் லோக்கல் வண்டியில் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பரேல், பைகுல்லா என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவனைப் பார்த்தால் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று யோசித்தாள். 'ஏன் போனீர்கள்?' என்பதைப் பதினோரு வருஷமாகத் தனக்குள் கேட்டுக் கேட்டு அது தேய்ந்துபோயிருந்தது. 'டிபன் டப்பா எங்கே?' என்று கேட்கலாம். அன்றைக்கு எலுமிச்சம்பழ சாதம். அவனுக்குப் பிடிக்கும் என்று வேர்க்கடலை வறுத்துப் போட்டிருந்தாள். வேறு எதுவும் தோன்றவில்லை.

வி.டி.யில் முன்பதிவு ஜன்னலுக்கு முன்னால் நீளமான வரிசை. பெண்களுக்குத் தனி ஜன்னல் இருந்ததால் அவள் முறை சீக்கிரம் வந்துவிட்டது. உள்ளே வயதான மராத்திக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் நீட்டிய சீட்டில் மூன்றே மூன்று இடம் காலியாக இருந்தது. பெயர். வயது. ஆணா, பெண்ணா.

ஷ்யாமளா எழுதினாள். ஷ்யாமளா. முப்பத்து மூன்று. பெண்.

வேறு ஏதாவது கேட்பார் என்று நின்றாள். அவர் கேட்கவில்லை. பெயரைப் படித்தார், அண்ணா குறித்துக் கொடுத்தபடி பஞ்சாப் மெயிலில் டிசம்பர் இருபத்தொன்றாம் தேதிக்குப் பக்கத்தைப் புரட்டினார், டில்லியில் வண்டி மாற வேண்டும் என்றார், கால்காவில் இன்னொரு தடவை மாற வேண்டும் என்றார். பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பாயி, சிங்கிள் கீ ரிட்டர்ன்?" போக மட்டுமா, திரும்பி வரவும் சேர்த்தா என்று கேட்டார்.

போவதைப் பற்றித்தான் இத்தனை நேரம் யோசித்திருந்தாள். திரும்புவது பற்றி யோசிக்கவே இல்லை. அவன் அங்கே இருந்தால்? இரு என்று சொன்னால்? பின்னால் நின்ற குஜராத்திப் பெண் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"ரிட்டர்ன்" என்றாள் ஷ்யாமளா.

சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. குரல் பிசிறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு ஏற்றுகிற நேரம். கோமதி இரண்டு காலிலும் இரண்டிரண்டு காலுறையோடு கூடத்தில் பாதம் பதிய நடந்து பழகிக்கொண்டிருந்தாள். சமையலறையில் அரிசி உப்புமா மணத்தது. கல்யாணப் போட்டோ மாட்டியிருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

அனந்தகிருஷ்ணன் டிக்கெட்டை வாங்கி, ரயில்வேக்காரருக்கே உரிய பழக்கத்தில் தேதி, எண் எல்லாவற்றையும் சரிபார்த்தார்.

"ரிட்டர்ன் எடுத்திருக்கே."

"ஆமாம்."

"அவர்தான்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சாலும்."

அவர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஷ்யாமளா பையை மாட்டிவிட்டு வந்தாள்.

"அந்த பில்லை ஆபீசுல நீ வாங்காதே அண்ணா. திங்கட்கிழமை சாயங்காலம் தளவாய் சாரை நம்மாத்துக்கு வரச் சொல்லு. என் கையிலதான் குடுக்கணும்."

"சொல்றேன்." அனந்தகிருஷ்ணன் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஷ்யாமா, வாலாம்பாகிட்டகூட நான் சொல்லாதது ஒண்ணு இருக்கு. தளவாய் அந்த ஓட்டல்ல அவரை மட்டும் பார்க்கலை."

ஷ்யாமளா அவர் கையிலிருந்து டிக்கெட்டை எடுத்தாள். இரண்டாக மடிக்காமல் மணிபர்சின் உள்ளறையில் பத்திரமாக வைத்தாள்.

"அதையும் தளவாய் சாரே வந்து சொல்லட்டும் அண்ணா" என்றாள். "நீ சாப்பிட வா. உப்புமா ஆறிடும்."